ஒரு நாளைக்கு ஒரு முட்டை: ஒன்றிய அரசு நம்ம பெரியவங்களுக்குப் போட்ட கணக்கு!



கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் தறிச்சத்தம் கேக்காத வீதி கிடையாது. தறிக்குடோன்ல காலம் பூரா நின்னே வேலை பார்த்த ஆத்தாக்கள், இன்னைக்குச் சுவத்தைப் பிடிச்சுட்டுத்தான் வாசலுக்கே வர்றாங்க. கேட்டா வீட்டுல ஒரே பதில்: "வயசாச்சுங்க, அப்படித்தான்."

அப்படித்தான் இல்லீங்க!

1990ல அமெரிக்காவில், பாஸ்டன் முதியோர் இல்லத்துல இருந்த 86 முதல் 96 வயசுக்காரங்களுக்கு 8 வாரம் கால் தசைக்குப் பயிற்சி கொடுத்தாங்க. கால் பலம் ரெண்டு மடங்குக்கும் மேல கூடுச்சு. 90 வயசுலயும் தசை திரும்ப வரும். அதுக்குப் பயிற்சி வேணும், புரதம் வேணும். ராத்திரி ரெண்டு கரண்டி ரசஞ்சோத்துல தசை வளராது. முட்டை, கொள்ளுப்பருப்பு, கடலை, பால் வேணும்.

அதுக்குக் காசு?

2007ல இந்திரா காந்தி பேர்ல முதியோர் பென்ஷன் வந்தப்போ ஒன்றிய அரசின் பங்கு மாசம் 200 ரூபாய். (அப்போ இருந்தது நம்ம கூட்டணி ஆட்சிதான், மறைக்கல.) 2014க்கு அப்புறம் வந்தவங்க அதுல ஒரு ரூபாய் ஏத்துனாங்களா? 80 வயசுக்குக் கீழ இன்னைக்கும் அதே 200! நாளுக்கு 6 ரூபாய் 66 காசு. நாடாளுமன்ற நிலைக்குழு ஏத்தச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

2023ல 1,000 ரூபாயை 1,200 ஆக்குனது நம்ம முதல்வர். அதுல 200 அவங்க பங்கு, மீதி 1,000 தமிழ்நாட்டுக் காசு. இதைத்தான் "இலவசம்"னு கேலி பண்றாங்க. 40 வருஷம் துணி நெஞ்சு கொடுத்தவங்களுக்கு இலவசமாம்!

2021 ஆகஸ்ட் 5ல சாமனப்பள்ளியில தொடங்குன மக்களைத் தேடி மருத்துவம், பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போகுது. படுத்தவங்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டுலயே. 2024ல ஐநா விருதே கொடுத்தாச்சு. ஆனா நம்ம ஆட்சின்னாலும் ஒண்ணு கேக்கத்தான் வேணும்: படுத்ததுக்கு அப்புறம் வர்ற பயிற்சி, படுக்கறதுக்கு முன்னாடியே ஊர் ஊரா வரணும். 2021 கணிப்புப்படி தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்து நாமதான். நேரம் அதிகம் இல்ல.

நீங்க ஒண்ணு செய்யுங்க. இந்த ஞாயித்துக்கிழமை அப்பாரு, ஆத்தாவைச் சுவத்தை ஒட்டிப் போட்ட நாற்காலியில உக்கார வெச்சு, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. கையை மார்புல கட்டிக்கிட்டு 5 தடவை எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க. 15 செகண்டு தாண்டுச்சுன்னா, இல்ல கை ஊனாம எந்திரிக்கவே முடியலைன்னா, தசை பலம் குறைஞ்சிருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. விழுந்து இடுப்பு முறியறதுக்கு முன்னாடி போங்க.

அப்புறம், "பென்ஷன் இலவசம்"னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல எந்தச் சித்தப்பாவாவது ஃபார்வர்டு போட்டா, சண்டை வேண்டாம். மரியாதையா இதை மட்டும் கேளுங்க: ஏனுங், 2007ல ஒரு முட்டை என்ன விலைங்க?

#இருநூறு_போதுமா