'அவன்' இல்லாமலும் கேக் வேகும்

கேக் என்ற பேச்சு எழுந்தவுடன் நம் வீடுகளில் வரும் முதற் கேள்வி, "அதற்கு ஓவன் வேண்டுமே?" என்பதுதான். பழைய சமையற் குறிப்புகளில் இதை 'அவன்' என்றே அச்சிட்டிருப்பார்கள். மாவை அவனுக்குள் வைக்க வேண்டும் என்று ஒருத்தி வாசிக்க, "யாரடி அவன்?" என்று எங்கள் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

அந்த 'அவனை' நம்பித்தான் எங்களில் ஒருத்தியின் தாயார் தவணைக்குப் பணம் கட்டினார். கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்து தெருவில் விற்றால் மகளின் கட்டணத்திற்கு ஆகும் என்பது அவர் போட்ட கணக்கு. முதல் கேக் நடுவில் குழிந்துவிட்டது. இரண்டாவது கல்லாயிற்று. மூன்றாவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. இன்று அந்தப் பெட்டிக்குள் அப்பளமும் வடகமும் குடியிருக்கின்றன; தவணை மட்டும் முடிந்தபாடில்லை. பெட்டியில் ஒரு குறையுமில்லை. மாவை ஒருநாள் டம்ளரில் அமுக்கி அளந்ததும், மறுநாள் அள்ளிப் போட்டதுமே பிழை என்பது பிறகுதான் விளங்கிற்று.

ஆகவே எங்கள் கட்சி இதுதான்: ஓவனுக்கு முன்னால் ஒரு தராசு வாங்குங்கள். ஒரு கப் மைதாவைத் தளர்வாக நிரப்பினால் ஏறக்குறைய 120 கிராம் இருக்கும். அமுக்கி நிரப்பினால் 150-ஐத் தொடும். இரண்டு கப் கேக்கில் 60 கிராம் கூடிவிட்டால் அது கேக்காக இராது. நம் பாட்டிமார் கண்ணளவிலேயே சமைத்தார்களே என்பீர்கள். குழம்பில் புளி கூடினால் தண்ணீர் விடலாம், உப்புக் குறைந்தால் சேர்க்கலாம். கேக்கை அடுப்பில் ஏற்றியபின் திருத்த வழியே இல்லை. சில நூறு ரூபாய்க்கு மின்னணுத் தராசு கிடைக்கிறது. முழு ஓவனின் விலையோடு ஒப்பிட்டால் இது கைச்செலவு.

அடுத்தது சூடு. சாதாரணக் கேக்குக்கு 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் போதும். கனமான பழைய பாத்திரம் ஒன்றும் பொருத்தமான மூடியும் இருந்தால் இந்தச் சூட்டை வீட்டு அடுப்பிலேயே உண்டாக்கலாம். அடுப்பின்மேல் இரும்புத் தோசைக்கல், அதன்மேல் பாத்திரம், உள்ளே ஒரு கம்பி வளையம், வளையத்தின்மேல் கேக் தட்டு. தட்டை வைக்குமுன் பத்து நிமிடம் வெறும் பாத்திரத்தை மூடிச் சூடாக்க வேண்டும். பிறகு சிறு தீ. பலர் பிரஷர் குக்கரில் விசிலையும் காஸ்கெட்டையும் கழற்றிவிட்டு இதைச் செய்கிறார்கள். தண்ணீரில்லாமல் குக்கரைச் சூடேற்ற வேண்டாமென்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பதுண்டு. நாங்கள் அதற்குத் துணிய மாட்டோம். அடியில் பரப்ப மணல் வேண்டுமென்றும் சொல்வார்கள். வைகைக் கரையிலேயே குடியிருந்தாலும் மணலுக்கு அலைய வேண்டாம், தோசைக்கல்லே தீயைப் பரப்பிவிடும். உள்ளே வைக்கக்கூடிய வட்டமுள் வெப்பமானி ஒன்று கிடைத்தால் மிகவும் நல்லது. அதுவும் சில நூறு ரூபாய்தான்.

இம்முறையில் கேக்கின் மேற்புறம் சிவக்காது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கவிழ்த்து வைத்தால் அடிப்புறம் அழகாயிருக்கும்! ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் இது அவ்வளவாக ஒத்துவராது என்பதும் உண்மை.

மற்றவை வீட்டிலேயே உண்டு. மாவு சலிக்கும் சல்லடை, முட்டை அடிக்க மத்து, வெந்ததா என்று குத்திப் பார்க்கக் கழுவிய ஈர்க்குச்சி. தட்டின் அடியில் மட்டும் செய்தித்தாளை விரிக்காதீர்கள். அச்சு மையின் தீங்கைச் சொல்லி, செய்தித்தாளில் உணவு பொதிய வேண்டாமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. வெண்ணெய் தடவி மாவு தூவினாலே போதும்.

தட்டைப் பற்றி ஒரு சொல். சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் டப்பாவைக் காட்டிலும் அலுமினியத் தட்டு மேல். அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். எவர்சில்வரில் ஓரிடம் கருகும்போது வேறோர் இடம் வேகாமலிருக்கும். கடையில் விற்கும் அயல்நாட்டு அச்சுத்தான் வேண்டுமென்பதில்லை. 1883-ஆம் ஆண்டு தலச்சேரியில் மாம்பள்ளி பாபு, மர்டாக் பிரௌன் என்ற தோட்ட முதலாளி கொடுத்த சீமைக் கேக்கைச் சுவைத்துப் பார்த்துத் தாமே ஒரு கிறிஸ்துமஸ் கேக் செய்தார். அதற்கான அச்சை அருகிலிருந்த தர்மடத்துக் கொல்லர் ஒருவரிடம் அடித்து வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பலரும் போற்றுவது அதைத்தான்.

பெரிய கேக்குக்கு என்ன செய்வது என்று கேட்டார் எங்கள் ஆசிரியை. கொல்கத்தாவில் கிறிஸ்துமஸ் நாள்களில் குடும்பத்தார் மாவும் முந்திரியும் திராட்சையும் எடுத்துச் சென்று, பேக்கரிகளின் விறகடுப்பில் கூலி கொடுத்துக் கேக் சுட்டு வருவது வழக்கம். நம் தெருப் பேக்கரியிலும் பன் எடுத்தபின் அடுப்பில் சூடு மிச்சமிருக்குமே? ஐந்தாறு தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டால் மாட்டேன் என்பாரா?

கேட்டுப் பார்ப்பதாக அந்தத் தாயாரும் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் அவருக்காக ஒரு தராசு வாங்க வகுப்பில் பணம் சேர்ந்துவிட்டது. சென்ற சனிக்கிழமை செல்லூரில் பாத்திரம் அடிக்கும் பெரியவர் ஒருவரிடமும் போயிருந்தோம். "கேக் தட்டா? அளவு சொல்லுங்கம்மா" என்றார். ஏழு அங்குல விட்டம், மூன்று அங்குல உயரம், அலுமினியம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.