பாலூற்றியவர்களின் அறிவுரை

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துப் பள்ளிச் சிறுமிகள் மூவர், பி.டி.எஸ். பாடகர்களைப் பார்க்க வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் போய்க் கொரியாவுக்குக் கப்பலேறத் திட்டம். கையில் 14,000 ரூபாய். காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். 'முதலில் போனைப் பிடுங்குங்கள்' என்று என் ஊழியர் அறையிலேயே தீர்ப்பு வந்தது.

சொன்னவர், கட் அவுட்டுக்குப் பாலூற்றிய தலைமுறை. பையன் விடியற்காலை 4 மணிக் காட்சிக்கு ஓடிய நாட்களில் அது வயசுக் கோளாறு, சிரித்துக்கொண்டார்கள். பெண்பிள்ளை ஒரு பாடகனை நேசித்தால் மட்டும் நோய், கவுன்சலிங்.

என் மாணவி ஒருத்திக்குக் கல்லூரி, வீடு, இரண்டுக்கும் நடுவே பேருந்து, அவ்வளவுதான் உலகம். அரியர் விழுந்த இரவில் அவளோடு விழித்திருந்தது அடுத்த அறையிலிருந்த அப்பா அல்ல, 'ஆர்மி' குழுவில் முகம் பார்த்திராத நான்கு பெண்கள்.

அந்தக் குழுக்கள் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தரவரிசைக்காக இரவெல்லாம் பாட்டை ஓடவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ஆல்பம் வாங்க வக்கில்லாதவள் அங்கேயும் ஒதுக்கப்படுகிறாள். காசு நிறுவனத்துக்கு, கண்ணெரிச்சல் நம் பிள்ளைக்கு. இதை அவளிடம் பேசத்தான் வேண்டும். பறித்தவர்களிடம் அவள் வாய் திறப்பாளா?

போனைக் கொஞ்ச நாள் தள்ளி வையேன் என்று நானும்தான் அவளிடம் சொன்னேன். "சரி மேம். அப்ப நைட்டு யார்கிட்ட பேசறது?" என்றாள்.