திரும்பிப் போக டிக்கெட் உள்ளவர்கள்

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் காலேஜ்ல மூணாவது வருஷம். சாப்பிட்டு முடிச்சு ஈஸி சேர்ல சாஞ்சிருந்தப்போ மெதுவா பக்கத்துல வந்து உக்காந்தான்.

"மாமா, வெளிநாட்டுல போய் உளவு பார்க்குற வேலைக்கு என்ன பரீட்சை எழுதணும்?"

"ஏன்டா திடீர்னு?"

"ஊர் ஊரா சுத்தலாம், துப்பாக்கி குடுப்பாங்க, காரு, கோட்டு சூட்டுன்னு செம லைஃப் மாமா."

உள்ள இருந்து அக்கா, "முதல்ல அந்த ரெண்டு அரியரை முடிக்கச் சொல்லுடா அவனை"ன்னு குரல் குடுத்தா. பேச்சு அதோட நின்னுடுச்சு :-)

ஆனா எனக்கு மனசுல நிக்கல. இந்த உளவு சமாச்சாரம் எனக்கு ரொம்ப வருஷத்துப் பைத்தியம். சின்ன வயசுல பாக்கெட் நாவல், பிறகு நிஜமாவே அந்த வேலை பார்த்தவங்க எழுதினதும், அவங்களைப் பத்தி எழுதினதும். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. சினிமாவுல காட்டுற வேலை வேற, இவங்க பார்க்குற வேலை வேற. அவன் கிட்ட சொல்லாம விட்டதை இங்க சொல்லிடறேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். நாம "உளவாளி"ன்னு சொல்றது உண்மையில ரெண்டு ஆளு. ஒருத்தர் அரசாங்க உத்தியோகஸ்தர். மாசச் சம்பளம், பிராவிடண்ட் ஃபண்ட், மேலதிகாரி, லீவு லெட்டர் எல்லாம் உண்டு. அமெரிக்காவோட சி.ஐ.ஏ.வுல இவருக்கு கேஸ் ஆபீசர்னு பேரு. இன்னொருத்தர் அந்த வெளிநாட்டுக்காரர். தன் ஆபீஸ்ல இருந்து ரகசியத்தை எடுத்துக் குடுக்குறவர். இவருக்குத் தான் ஏஜென்ட்னு பேரு. அதாவது, பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுக்குறது ஆபீசர் இல்ல. எடுக்குறவரைக் கண்டுபிடிச்சு, நம்ப வச்சு, பேசி, வாங்கி, பத்திரமா வச்சுக்கிறது தான் ஆபீசரோட வேலை. நான் சொல்ல வந்தது முழுக்க இந்த வித்தியாசத்துல தான் இருக்கு. ஞாபகத்துல வச்சுக்குங்க.

சரி, அந்த ஆபீசரோட ஒரு நாள் எப்படி இருக்கும்? மார்த்தா பீட்டர்சன் கதையைப் பார்ப்போம். அவங்க கணவரும் சி.ஐ.ஏ. தான். 1972ல லாவோஸ்ல ஹெலிகாப்டர் விழுந்து இறந்துட்டார். அதுக்கப்புறம் இவங்களே சி.ஐ.ஏ.வுல சேர்ந்து 1975ல மாஸ்கோ போறாங்க. தூதரகத்துல குமாஸ்தா வேலை. நடிப்பு குமாஸ்தா இல்லீங்க, நிஜ குமாஸ்தா. காலைல போய் சாயந்திரம் வரைக்கும் ஃபைல் பார்க்கணும். கூட வேலை பார்க்குறவங்களோட சாப்பிடணும், சிரிக்கணும், அவங்க யாருக்கும் இவங்க யாருன்னு தெரியக்கூடாது. அதெல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் தான் அசல் வேலை ஆரம்பம். ரெண்டு உத்தியோகம். வெளில சொல்லிக்க முடிஞ்சது ஒண்ணு மட்டும்.

அந்த அசல் வேலை என்னன்னு கேட்டா... பெரும்பாலும் நடக்குறது. ஆமா, கால்நடையா நடக்குறது தான்! பின்னாடி யாரும் வரலைன்னு உறுதி பண்ணிக்க கார்ல கொஞ்ச தூரம், பஸ்ல கொஞ்சம், மெட்ரோ ரயில்ல கொஞ்சம், மிச்சம் நடைன்னு மணிக்கணக்கா சுத்துவாங்க. சந்தேகம் வந்தா திரும்பி வீட்டுக்குப் போயிட வேண்டியது. மூணு மணி நேரக் குளிர் நடை வீண். அப்படியே ஆள் வரலைன்னு உறுதியானாலும், போய் ஒரு பாலத்துல ஒரு போலிக் கல்லை வச்சுட்டு வரணும். அதுக்குள்ள கேமரா, பணம், கடிதம் எல்லாம் இருக்கும். ஏஜென்ட் அப்புறமா வந்து எடுத்துக்குவார். அவ்வளவு தான். பீட்டர்சன் அந்த ஏஜென்டை நேர்ல பார்த்தது கூட இல்ல.

அந்த ஏஜென்ட் அலெக்சாண்டர் ஓகரோத்னிக், சோவியத் வெளியுறவுத் துறைக்காரர். கொலம்பியாவுல பொகோட்டா தூதரகத்துல வேலை பார்த்தப்போ சி.ஐ.ஏ. வளைச்சுப் போட்ட ஆளு. மாஸ்கோவுக்குத் திரும்பி வேலை செய்யறேன், ஆனா மாட்டிக்கிட்டா சாக எனக்கு விஷம் வேணும்னு கேட்டார். ஒரு பேனாவுக்குள்ள வச்சுக் குடுத்தாங்க. 1977ல கே.ஜி.பி. அவரைப் பிடிச்சுது. வாக்குமூலம் எழுத என் பேனாவைக் குடுங்கன்னு கேட்டு வாங்கி, அதைக் கடிச்சு அங்கேயே செத்துப் போனார்.

இது தெரியாம அதே 1977 ஜூலை 15 ராத்திரி பீட்டர்சன் வழக்கம்போல கல்லை எடுத்துக்கிட்டு பாலத்துக்குப் போறாங்க. காத்திருந்து பிடிச்சாங்க. பிடிபட்ட நேரத்துல அவங்க செஞ்சது என்ன தெரியுமா? சத்தம் போட்டுக் கத்தினாங்க. பக்கத்துல ஏஜென்ட் வந்துட்டு இருந்தா அவர் காதுல விழுந்து தப்பிச்சு ஓடட்டும்னு. அவர் தான் ஏற்கெனவே உயிரோட இல்லையே...

அடுத்தது கவனிங்க. பீட்டர்சனை லுப்யான்கா சிறைக்குக் கொண்டு போனாங்க. மேசை மேல சாமானை எல்லாம் பரப்பி ஃபோட்டோ எடுத்தாங்க. சில மணி நேரத்துல தூதரக அதிகாரி வந்தார், கூட்டிட்டுப் போயிட்டார். தூதரகப் பாதுகாப்பு. 1961ல வியன்னாவுல போட்ட ஒப்பந்தத்துப்படி தூதரை சிறையில வைக்க முடியாது, நாட்டை விட்டு அனுப்பத் தான் முடியும். அவங்க விமானம் ஏறி ஊருக்குப் போனாங்க. நான் அவங்களைக் குறை சொல்லல. தைரியசாலி தான், சந்தேகமே இல்ல. ஆனா ஒரே வேலைல கூட்டா இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு விமான டிக்கெட், இன்னொருத்தருக்கு விஷப் பேனா.

ரெண்டாவது கதை இன்னும் பெருசு. அடால்ஃப் தோல்கச்சேவ்னு ஒரு எஞ்சினியர். போர் விமான ரேடார் வடிவமைக்குற நிறுவனத்துல வேலை. இவரை யாரும் வளைச்சுப் போடல. 1977 ஜனவரில மாஸ்கோவுல ஒரு பெட்ரோல் பங்க்ல அமெரிக்கத் தூதரகக் காரைப் பார்த்து அவரே போய் ஒரு சீட்டைக் குடுத்தார். உள்ள இருந்தவர் யாருன்னு அவருக்குத் தெரியாது. மாஸ்கோ சி.ஐ.ஏ.வுக்குத் தலைவரே அவர் தான்! ஆனாலும் இவங்க பதிலே சொல்லல. கே.ஜி.பி. வச்ச பொறியோன்னு பயம். போதாக்குறைக்கு பீட்டர்சன் மாட்டினதுக்கு அப்புறம் தலைமையகம் மாஸ்கோ வேலையவே கொஞ்ச காலம் நிறுத்தச் சொல்லிடுச்சு. அந்த மனுஷன் ஒரு வருஷத்துக்கு மேல திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டினார்.

கடைசில ஜான் கில்ஷர்ங்கிற அதிகாரி அவரை முதல்முறையா சந்திச்சது 1979 ஜனவரி 1. ஏன் அந்த நாள்? புத்தாண்டு, பின்தொடர்ற ஆளுங்க அசந்திருப்பாங்கன்னு. ஊரே கொண்டாடும்போது இவர் பனியில நடந்துட்டு இருக்கார். குடும்பத்தோட பண்டிகை கொண்டாடணும்னு நினைக்கிறவங்க இந்த வேலைக்குப் போகாதீங்க.

1985 வரைக்கும் இருபது தடவைக்கு மேல சந்திப்பு நடந்துச்சு. ஒவ்வொண்ணும் பெரும்பாலும் அரை மணிக்குள்ள முடிஞ்சிடும். அந்த அரை மணிக்காக மாசக்கணக்கா கடிதம் எழுதி, திருத்தி, தலைமையகத்துக்கு அனுப்பி, அனுமதி வாங்கி, முடிஞ்சதும் பேசினது ஒவ்வொண்ணையும் அறிக்கையா எழுதி... எனக்குத் தெரிஞ்சு இந்த உலகத்துல அதிகம் பேனா பிடிச்ச "ஜேம்ஸ்பாண்ட்"கள் இவங்க தான். ஒருமுறை கண்காணிப்புல இருந்து தப்பிக்க என்ன பண்ணினாங்க தெரியுமா? 1982ல, பிறந்தநாள் கேக் மாதிரி ஒரு பெட்டியோட கார்ல போய், திருப்பத்துல அதிகாரி இறங்கினதும் அந்தக் கேக்குக்குள்ள இருந்து ஒரு பொம்மை எழும்பி அவர் சீட்ல உக்காந்துச்சு. பின்னாடி வந்த காருக்கு தலை எண்ணிக்கை குறையல! துப்பாக்கியை விட இந்த மாதிரி பொம்மைக்கு தான் அங்க வேலை அதிகம்.

தோல்கச்சேவ் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் காகிதத்தைக் கோட்டுக்குள்ள மறைச்சு வீட்டுக்குக் கொண்டு வருவார். நாற்காலி முதுகுல கேமராவைப் பொருத்திப் படம் எடுத்துட்டு, திரும்பக் கொண்டு போய் வச்சிடுவார். அதனால அமெரிக்க விமானப்படைக்கு மிச்சமானது பல நூறு கோடி டாலர். அவர் கேட்டது? பணமும் கேட்டார், மறைக்க வேண்டாம். கூடவே பையனுக்கு ராக் மியூசிக் ரெக்கார்டு, படம் வரையற பேனா, புத்தகம்... இதைப் படிச்சப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது. துபாய்ல இருக்குற மச்சானுக்கு நாம எழுதுற லிஸ்ட் மாதிரியே இருக்கு. இதை எல்லாம் தேடி வாங்கி அனுப்பினதும் அந்த வேலைல சேர்ந்தது தான்.

அதோட அவரும் விஷ மாத்திரை கேட்டார். தலைமையகம் முதல்ல மாட்டேன்னுச்சு, அப்புறம் குடுத்துச்சு.

முடிவு? 1983ல எட்வர்ட் லீ ஹோவர்ட்னு ஒரு சி.ஐ.ஏ. ஆளை, மாஸ்கோவுக்குப் போகப் பயிற்சி எல்லாம் குடுத்த பிறகு, வேலையை விட்டுத் தூக்கினாங்க. அவர் கோபத்துல கே.ஜி.பி. கிட்ட போய் சொல்லிட்டார். 1985 ஜூன்ல தோல்கச்சேவ் கைது. அவரைச் சந்திக்கப் போன அதிகாரியையும் பிடிச்சாங்க. அதிகாரி ஊருக்குப் போனார். தோல்கச்சேவுக்கு 1986ல மரண தண்டனையை நிறைவேத்திட்டாங்க. அதே 1985ல ஆல்ட்ரிச் ஏம்ஸ்ங்கிற இன்னொரு சி.ஐ.ஏ. அதிகாரி பணத்துக்காக பேர்களை சோவியத்துக்கு வித்தார். அதனால செத்தவங்க குறைஞ்சது பத்து பேர். அவரைப் பிடிக்க 1994 ஆச்சு. அவரும் சிறையில தான் இருந்தார், உயிரோட.

சிலர் கேக்கலாம், "தோல்கச்சேவ் தானே தேடி வந்தார், அவருக்குத் தெரியாதா?"ன்னு. நியாயமான கேள்வி. அவர் மனைவியோட அம்மாவை ஸ்டாலின் காலத்துல, 1938ல, சுட்டுக் கொன்னாங்க. அந்தக் கோபம் அவர் வீட்டுக்குள்ளயே இருந்துச்சு. அவரை ஏமாந்த ஆளுன்னு சொல்றது அவரையே அவமதிக்கிற மாதிரி. ஆனா அவர் தெரிஞ்சு வந்தார்ங்கிறதால, வாங்கிக்கிட்டவங்க பொறுப்பு குறைஞ்சிடுமா? இது தான் எனக்குள்ள ஓடுற கேள்வி. இதைக் கேக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு.

முப்பது வருஷம் முன்னாடி ஒரு மில்லுல கணக்கு எழுதிட்டு இருந்தேன். எடையில திருட்டு நடக்குதுன்னு எங்களுக்கெல்லாம் தெரியும். ஸ்டோர்ல இருந்த ஒரு அண்ணன் கிட்ட நான் தான் பேசிப் பேசி, ரெஜிஸ்டரை நகல் எடுத்துத் தரச் சொன்னேன். "நம்ம பக்கம் நியாயம் இருக்குண்ணே, ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னேன். அவருக்கும் மனசுல ஆத்திரம் இருந்துச்சு, எடுத்துக் குடுத்தார். மாட்டினது அவர் மட்டும். வேலை போச்சு. எனக்கு அப்போ வேற இடத்துல வேலைக்கு உத்தரவு வந்து பையில இருந்துச்சு. அவர் கிட்ட பேசும்போதே அது என் பையில இருந்துச்சு. நான் அதை அவர் கிட்ட சொல்லல.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டினதில்ல. பிறகு ரெண்டு தடவை பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். "நல்லா இருக்கியா தம்பி"ன்னு கேட்டார். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

அதனால என் கருத்து இது தான். வெளிநாட்டு உளவு அதிகாரியோட வேலை சாகசம் இல்ல, காவல். இன்னொருத்தர் உயிரைக் கையில வாங்கி வச்சுக்கிட்டு, தன் சட்டைப் பையில திரும்பிப் போற டிக்கெட்டோட இருக்குற வேலை. நாட்டுக்கு அது தேவையா இருக்கலாம், இருக்கட்டும். நல்லா பார்த்தவங்க அந்த டிக்கெட்டை ஒரு நிமிஷம் கூட மறக்காதவங்க. பிடிபட்ட நேரத்துலயும் ஏஜென்டுக்காகக் கத்தின பீட்டர்சன் மாதிரி. மறந்தவங்களோட முடிவு தான் ஏம்ஸ்.

தோல்கச்சேவ் படம் எடுத்துட்டு இருக்குற மாதிரி ஒரு ஓவியம் இன்னிக்கு சி.ஐ.ஏ. தலைமையகத்துல இருக்கு. மரியாதை தான். ஆனா சுவத்துல தொங்குறது ஏஜென்ட், அதைப் பார்த்துட்டு வேலைக்குப் போறது ஆபீசர்ங்கிறதை யோசிச்சா ஒரு மாதிரி இருக்கு.

மாப்ள, இதைப் படிச்சா பரீட்சை எழுது, வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்தப் பரீட்சைல கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. உன்னை நம்பி ஒருத்தர் வந்தா, உன் பையில என்ன இருக்குன்னு அவர் கிட்ட சொல்லுவியா? அதுக்குப் பதில் தெரிஞ்சா போ.

பி.கு: அரியர் ரெண்டையும் முதல்ல முடிச்சிடு. அக்கா என்னைத் தான் திட்டுறா.