களவு மென்பொருள் காணிக்கையாகாது



2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடும் மடிக்கணினிகள் உங்கள் அலுமாரிகளில் முடங்கிவிட்டன. அவற்றை வன்னிப் பாடசாலைகளுக்கு அனுப்ப முன்வருவது நன்று. ஆயின், உரிமமற்ற விண்டோஸை அவற்றில் ஏற்றி அனுப்புவதை அறப்பணி என்பதெப்படி? ஏழாம் கட்டளை கணினிக்குப் பொருந்தாதா?

லினக்ஸ் இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தமிழிலும் இயங்கும். "பிள்ளைகளுக்கு அது விளங்காது" என்கிறீர்கள். கேரள அரசுப் பாடசாலைகளில் பிள்ளைகள் பல்லாண்டுகளாக அதில்தானே கற்கிறார்கள்! தயங்குவது பெரியவர்களாகிய நாம்தாம்.

பழுதானவற்றைத் தள்ளிவிடாதீர்கள், வன்னி நமது குப்பைமேடன்று. சொந்தத் தரவுகளை முற்றாக அழித்து, மின்னேற்றியுடன் ஞாயிறு திருப்பலிக்குக் கொண்டுவாருங்கள். லினக்ஸ் நிறுவத் தெரிந்த இளையோர் திருப்பலி முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள்.