1899 செவானி காற்பந்துப் பருவம்

1899 செவானி காற்பந்துப் பருவம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், செவானி என்னும் மலையூரில் அமைந்துள்ள தென்னகப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணி அவ்வாண்டில் ஆடிய போட்டிகளைக் குறிக்கும். 12 போட்டிகளிலும் வென்ற இவ்வணி மொத்தம் 322 புள்ளிகளைப் பெற்றது. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து பெற்றவை 10 மட்டுமே. எனினும் இப்பருவம் நினைவுகூரப்படுவது ஒரு தொடருந்துப் பயணத்தினாலேயே ஆகும்.

பின்னணி

செவானிக்கும் அதன் நெடுநாள் போட்டியணியான வாண்டர்பில்ட்டுக்கும் இடையே நுழைவுக்கட்டண வருவாயைப் பங்கிடுவதில் பிணக்கு ஏற்பட்டது. இதனால் அவ்வாண்டு இரு அணிகளும் மோதவில்லை. இழந்த வருவாயை ஈடுசெய்ய, அணியின் மாணவ மேலாளர் லூக் லீ தெற்கு நோக்கிய நீண்ட பயணமொன்றைத் திட்டமிட்டார். (இவரே பின்னர் 1911 முதல் 1917 வரை அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்தவர், 1919 சனவரியில் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லியமைப் பிடித்துவர முயன்றவரும் இவரே.)

ஆறு நாட்கள், ஐந்து போட்டிகள்

நவம்பர் 9 அன்று ஆஸ்டினில் டெக்சாஸ் அணியை 12-0 என வென்ற செவானி, மறுநாள் ஹியூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியை 10-0 எனவும், 11 ஆம் நாள் நியூ ஓர்லியன்சில் துலேன் அணியை 23-0 எனவும் வென்றது. ஞாயிறு ஓய்வு. 13 ஆம் நாள் பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0 என்றும், 14 ஆம் நாள் மெம்பிசில் மிசிசிப்பி அணியை 12-0 என்றும் தோற்கடித்தது. பயணத்தொலைவு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். செவானியின் ஊற்றுநீரைப் பீப்பாய்களில் உடன் கொண்டு சென்றதாகவும் கூறப்படுகிறது.

இதன் கடுமையை உணர அக்கால விதிகளை அறிதல் வேண்டும். முன்னோக்கிப் பந்தை எறிதல் 1906 வரை அனுமதிக்கப்படவில்லை. ஆகவே வீரர்கள் திரளாக மோதியே முன்னேறினர். களத்தைவிட்டு வெளியேறியவர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது. தாக்குதல், தடுப்பு இரண்டையும் அதே பதினொருவரே ஆடினர். பயணத்தின் பின்னர், நவம்பர் 30 அன்று, ஜான் ஹெய்ஸ்மன் பயிற்றுவித்த ஆபர்ன் அணி மட்டுமே செவானிக்கு எதிராகப் புள்ளி பெற்றது. அதிலும் செவானி 11-10 என வென்றது. அன்று காற்பந்தின் தலைமையிடம் ஹார்வர்டு முதலிய கிழக்குக் கல்லூரிகளே எனக் கருதப்பட்டதால் தெற்கின் இவ்வெற்றி உரிய மதிப்பைப் பெறவில்லை.

பிற்காலமும் இன்றைய நிலையும்

1932 இல் தென்கிழக்குக் கூட்டமைப்பு தோன்றியபோது செவானியும் அதில் நிறுவன உறுப்பினராயிற்று. ஆனால் அங்கு ஆடிய 37 கூட்டமைப்புப் போட்டிகளிலும் தோற்று, 1940 இல் விலகியது. பின்னர் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் சேர்ந்தது.

வருவாய்க்காக மாணவர்களை நெடுந்தொலைவு அனுப்பும் வழக்கமோ மறையவில்லை. தொலைக்காட்சி உரிமப் பணத்தை முன்னிட்டு 2024 இல் கலிபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ. நடுமேற்கின் பிக் டென் கூட்டமைப்பிலும், ஸ்டான்போர்டு அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பிலும் இணைந்தன. அதே ஆண்டு நியூ ஜெர்சியின் ரட்கர்சுடன் ஆட யூ.சி.எல்.ஏ. ஒருவழியில் கடந்த தொலைவு, 1899 பயணம் முழுமைக்கும் ஏறத்தாழ இணையானது. வானூர்தியில் செல்லும் காற்பந்து அணிக்கு இது சில மணி நேரமே. ஆயினும் வாரத்திற்குப் பலமுறை ஆடும் கைப்பந்து, மென்பந்து போன்ற, பெரும்பாலும் வருவாய் ஈட்டாத அணிகளின் மாணவர்களும் இதே கூட்டமைப்பு அட்டவணைக்கு உட்பட்டே வகுப்புகளை விட்டுச் செல்கின்றனர். 1899 இல் வசூல் கல்லூரிக்கே சென்றது. 2025 சூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம்; அதில் பெரும்பங்கு காற்பந்து, கூடைப்பந்து ஆண்கள் அணிகளுக்கே செல்கிறது.