சாக்கடையில் கிடைக்கும் மருந்து யாருக்குச் சொந்தம்?

மைசூரு கே.ஆர். மருத்துவமனைக்கு மண்டியா, சாமராஜநகர், குடகு மாவட்டங்களிலிருந்தும் ஏழை நோயாளிகள் வருகின்றனர். கரும்பு வெட்டும் தொழிலாளியின் காலில் ஆறாத நீரிழிவுப் புண், தீக்காயம், அறுவைச் சிகிச்சைக்குப் பின் சீழ்பிடித்த காயம் ஆகியவை நாட்டின் எந்தப் பெரிய அரசு மருத்துவமனையிலும் அன்றாடம் காணக்கூடியவை. இப்புண்களில் குடியேறும் பாக்டீரியாக்கள் பல, கையிலுள்ள ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று கட்டுப்படுவதில்லை. மருந்து தோற்றால் கால் போகிறது. கால் போனால் கூலி போகிறது.

மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் 2019இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேரின் உயிரைப் பறித்தன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களில் சுமார் 3 லட்சம் பேர் இந்தியர்கள். 2010இல், புதுதில்லியின் பெயர் சூட்டப்பட்ட எதிர்ப்பு நொதி ஒன்று பரவிவருவதைச் சென்னை ஆய்வாளர்களும் இடம்பெற்ற பன்னாட்டுக் குழு வெளிப்படுத்தியது. அப்போது ஆட்சியாளர்களிடம் உரத்து எழுந்த குரல், மருத்துவச் சுற்றுலாவின் பெயர் கெடுகிறதே என்பதுதான்!

இந்த நெருக்கடியில் ஒரு பழைய ஆயுதம் மீண்டும் பேசப்படுகிறது. பாக்டீரியாவுக்குள் புகுந்து, பெருகி, அதனை வெடிக்கச் செய்யும் வைரஸ்களே பேஜ்கள். ஒவ்வொரு பேஜும் குறிப்பிட்ட சில வகை பாக்டீரியாக்களை மட்டுமே தாக்கும். மனித உயிரணுக்களைத் தீண்டாது. ஆனால் பாக்டீரியா பேஜுக்கும் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். எனவேதான் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து அதனைப் பயன்படுத்துவது முக்கியமாகிறது. உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு பம்பு சூடோமோனாஸ் பாக்டீரியாவில் உண்டு. அந்தப் பம்பையே பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் பேஜ் ஒன்றை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2016இல் விவரித்தனர். பேஜிடமிருந்து தப்பப் பாக்டீரியா பம்பை மாற்றிக்கொண்டால், மருந்தை வெளியேற்றும் திறனை இழக்கிறது. தோற்றுப்போன பழைய மருந்து மீண்டும் வேலை செய்கிறது.

பெல்ஜியம் நாட்டவர் ஒருங்கிணைத்து 12 நாடுகளில் சிகிச்சை அளித்த 100 நோயாளிகளின் விவரங்கள் 2024இல் வெளியாயின. 77 விழுக்காட்டினரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. ஆன்டிபயாடிக் சேர்க்காதபோது கிருமி ஒழியும் வாய்ப்பு 70 விழுக்காடு குறைந்தது. காசி இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்களும் நாட்பட்ட புண் கொண்ட 20 பேருக்குப் பேஜ் இட்டு நல்ல பலன் கண்டு 2019இல் வெளியிட்டனர். இவற்றில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் தீக்காயங்களுக்குப் பேஜை மட்டும் இட்டுப் பார்த்த ஒப்பீட்டு ஆய்வு ஏமாற்றத்திலேயே முடிந்தது. தயாரித்து வைத்த மருந்தில் பேஜின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. ஆக, பேஜ் மாயமருந்தல்ல. தரக்கட்டுப்பாடும் முறையான மருத்துவ ஆய்வும் இல்லாமல் அது மக்களுக்குப் பயன்படாது.

1896இலேயே கங்கை, யமுனை நீர் காலரா கிருமியைக் கொல்வதாக ஹாங்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எழுதினார். பின்னாளில் அதற்குப் பேஜ்கள் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. இதை வைத்துப் புனிதக் கதை புனைவோர் ஒன்றை அறிய வேண்டும்: மைசூரு வித்யாரண்யபுரத்தின் கழிவுநீரிலும் பேஜ்கள் ஏராளமாக இருக்கும். பாக்டீரியா செழிக்கும் இடமெல்லாம் அவற்றின் இருப்பிடமே.

1920களில் பேஜ் ஆய்வின் முன்னோடி தெரெல் பஞ்சாபில் காலராவுக்கு இதனைச் சோதித்தார். பின்னர் சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசிக்குச் சென்று, எலியாவாவோடு சேர்ந்து உழைத்தார். 1937இன் அடக்குமுறையில் எலியாவா சுட்டுக்கொல்லப்பட்டது மன்னிக்க முடியாத அநீதி. எனினும் அவர் உருவாக்கிய நிறுவனம் நிலைத்தது. சோவியத் மருத்துவத்தில் பேஜ் பரவலாகப் பயன்பட்டது. மேற்கில் பென்சிலின் சந்தை பெருகியதும் பேஜ் கைவிடப்பட்டது. இன்று வசதியுள்ள இந்திய நோயாளிகள் அதே திபிலிசிக்கு விமானம் ஏறுகின்றனர். மண்டியாவின் கரும்பு வெட்டும் தொழிலாளி எங்கே போவார்?

பெரும் மருந்து நிறுவனங்களுக்கு இதில் ஆர்வம் குறைவு என்பதில் வியப்பில்லை. சாக்கடையில் இயல்பாகக் கிடைக்கும் உயிரியைக் காப்புரிமைக்குள் அடைப்பது கடினம். நோயாளிக்கு நோயாளி பேஜ் மாறும். சில வாரங்களில் சிகிச்சை முடிந்துவிடும். புதிய ஆன்டிபயாடிக்கையே இலாபம் போதாதென்று கைவிட்டவர்கள் இதற்கா முன்வருவார்கள்? இது பொதுத்துறையின் வேலை. ஆனால் பிம்பிரியில் 1954இல் உருவான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தின் பங்குகளை விற்கவும், சோவியத் உதவியோடு 1961இல் தொடங்கிய ஐ.டி.பி.எல். நிறுவனத்தை மூடவும் மோடி அமைச்சரவை 2016 டிசம்பரில் முடிவெடுத்தது. பெங்களூருவின் கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தையும் விற்பனைப் பட்டியலில் சேர்த்தது.

மைசூருவில் இதற்கான அடித்தளம் உண்டு. 1924இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, மானசகங்கோத்ரியின் நுண்ணுயிரியல் துறை, 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை ஒரே நகரில் உள்ளன. இவற்றை இணைத்து ஒரு பொதுப் பேஜ் வங்கியைக் கர்நாடக அரசு உருவாக்க வேண்டும். நோயாளிக்கேற்பத் தயாரிக்கும் பேஜுக்கு உரிய ஒழுங்குமுறையை ஒன்றிய அரசு வகுக்க வேண்டும். பெல்ஜியம் இத்தகைய வழியைக் கண்டு ஆண்டுகள் பல ஆகின்றன. கூடவே, இருக்கும் ஆன்டிபயாடிக்கைக் காக்கவும் வேண்டும். மருந்து எதிர்ப்புக்கான மாநிலச் செயல்திட்டத்தைக் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2018இலேயே முதன்முதலாக வகுத்தது. மருந்துச் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதற்கும் அங்கே கடிவாளம் போடப்பட்டது.

பேஜ் தேடுவோருக்குக் கழிவுநீரை அள்ளித் தரப்போவது தூய்மைப் பணியாளர்கள்தான். 2016இல் மைசூருவை நாட்டின் முதல் தூய்மை நகரம் என்று பெயர் வாங்க வைத்தவர்களும் அவர்களே. 2022 ஜூலையில் கர்நாடகம் முழுவதும் வேலைநிறுத்தம் செய்து அவர்கள் எழுப்பிய பணி நிரந்தரக் கோரிக்கையோடு, கையுறை, காலணி, காயம்பட்டால் கிருமிப் பரிசோதனையோடு கூடிய இலவசச் சிகிச்சை ஆகியவற்றையும் சேர்த்து நமது தோழர்கள் மாநகராட்சியின் முன் வைக்க வேண்டும்.