இளவட்டக்கல் ஊரில் இரும்புக்குத் தடை

பள்ளிப் பிள்ளைகள் எடை தூக்கினால் வளர்த்தி நின்றுபோகும் என்பது, திருநெல்வேலிச் சீமையில் சாதி, மதம், படிப்பு என்ற பேதமில்லாமல் எல்லோரும் சேர்ந்து நம்பும் வெகு சில விஷயங்களில் ஒன்று. ஆண்டு முழுவதும் தூங்கும் இந்த நம்பிக்கை, பரீட்சை முடிந்து கோடைப் பயிற்சி முகாம்கள் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். இந்த மே மாதம் பாளையங்கோட்டையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் கதவில் அது அச்சடித்தே ஒட்டப்பட்டிருந்தது: பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் எடைகளைத் தொடக் கூடாது, வளர்ச்சி பாதிக்கும். அதே கதவில் ஒரு சாண் கீழே புரோட்டீன் பவுடர் விளம்பரம். பவுடருக்கு வயது வரம்பு எதுவும் இல்லை.

இந்த நம்பிக்கைக்கு விஞ்ஞானச் சாயமும் பூசப்பட்டிருக்கிறது. வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளில் முனைக்கருகே வளர்தட்டு என்ற குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 14, 15 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும் அது இறுகி மூடிக்கொள்கிறது. அதோடு உயரம் முடிந்தது. எடை தூக்கினால் இந்தத் தட்டு நசுங்கிவிடும் என்பது வாதம். ஆனால் ஓடும்போது அடிக்கு அடி உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது; குதித்து இறங்கும்போது அதைவிட அதிகம். 45 கிலோ எடையுள்ள மாணவி வாலிபால் வலைக்கு மேல் எம்பி அடித்துத் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் அவளுடைய கால்கள் நூறு கிலோவுக்கு மேல் தாங்குகின்றன. அதில் நசுங்காத வளர்தட்டு, கையில் 5 கிலோ டம்பெல்லைக் கொடுத்ததும் நசுங்கிவிடுமாம். தண்டால் எடுக்கும் பையன் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கையால் தள்ளுகிறான். தண்டாலுக்கும் பஸ்கிக்கும் இந்த ஊரில் யாரும் பயப்படுவதில்லை, தாத்தா எடுத்தது என்பதால். தாங்குவது சதையா இரும்பா என்று எலும்பு விசாரிப்பதில்லை.

இதை நெல்லைக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. இளவட்டக்கல் இந்தத் தெற்கத்திச் சீமையின் சொத்து. ஊர் மந்தையிலோ கோயில் முன்பாகவோ கிடக்கும் உருண்டைக் கல்; வழவழவென்று இருக்கும், பிடிக்க இடம் இருக்காது. குத்தவைத்து, இரு கையாலும் அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு உருட்டித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட வேண்டும். இன்றைய ஜிம்களில் தனித்தனியாகக் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தரும் டெட்லிஃப்டும் ஸ்குவாட்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கல்யாணக்கல் என்றும் அதற்குப் பெயர். தூக்கியவனுக்கே பெண் என்று ஒரு காலம் இருந்ததாகச் சொல்வார்கள். பணகுடிப் பக்கம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறது. 100 கிலோவைத் தாண்டும் கல்லும் அங்கே உண்டு, பெண்களும் தூக்குகிறார்கள். எந்த இளவட்டமும் ஒரு பொங்கலன்று திடீரென்று போய் அந்தக் கல்லைத் தூக்கிவிடுவதில்லை. சின்னக் கல்லில் கைபழகியவன்தான் பெரிய கல்லுக்கு வருவான். எடை வளர்த்தியை நிறுத்தும் என்றால் இத்தனை தலைமுறைக்குப் பிறகு வடலிவிளையில் இடுப்பளவு மனிதர்கள்தான் நடமாட வேண்டும். தையில் அந்தக் கல்லுக்குக் கைதட்டிய அதே கூட்டம் சித்திரையில் டம்பெல்லைப் பார்த்து, “வேண்டாம்லா, பிள்ளை குட்டையாப் போயிருவாம்” என்கிறது.

பளுதூக்கும் வீரர்கள் குட்டையாக இருக்கிறார்களே என்பது அடுத்த சாட்சி. கை கால் நீளம் குறைந்தவருக்குக் கம்பியை உயர்த்த வேண்டிய தூரமும் குறைவு. அந்த உடல்வாகு உள்ளவர்கள் அந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள். மற்றவர்கள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறார்கள். கூடைப்பந்து ஆடினால் உயரமாகலாம் என்று பிள்ளையைச் சேர்த்துவிடுகிறவரும் இந்தச் சாட்சியைச் சொல்லும் தகப்பனார்தான். காரணத்தையும் விளைவையும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அவரிடம் முரண்பாடு கிடையாது. மிசோரமின் ஜெரிமி லால்ரின்னுங்கா 2018இல் பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் 62 கிலோ பிரிவில் மொத்தம் 274 கிலோ தூக்கித் தங்கம் வென்றபோது வயது 15. பாளையங்கோட்டைக் கதவு அவரை உள்ளே விட்டிருக்காது.

மருத்துவ உலகம் இந்த விஷயத்தை முடித்து வைத்து வெகுநாளாகிறது. 2014இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த கருத்தும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2020ஆம் ஆண்டு அறிக்கையும், தகுந்த மேற்பார்வையோடு செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்றே சொல்கின்றன. சொன்னதைக் கேட்டு அப்படியே செய்யும் பக்குவம் வந்த பிள்ளை தொடங்கலாம். வலு கூடுவதோடு விளையாட்டுக் காயங்களும் குறைகின்றன. கல்லைத் தூக்கிக் காட்டிய ஊருக்கு இந்த அறிக்கைகளே அதிகப்படி.

வளர்த்தியை உண்மையில் நிறுத்துவது எது என்பதும் தெரிந்ததுதான். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். அந்தக் குழந்தைகளில் ஒன்றுகூட டம்பெல்லைத் தொட்டதில்லை. சத்துக் குறைந்த சாப்பாடு, அடிக்கடி வரும் நோய், தாயின் இரத்தசோகை ஆகியவை செய்த வேலை அது. இதற்காக யாரும் எந்தக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டுவதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம்பிக்கை இன்னொரு படி ஏறி, எடை தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்கிறது. அதைச் சொல்லும் வீட்டில், பத்து வயதிலிருந்து அந்தப் பெண்தான் தெருக்குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்கி வருகிறாள். நிறைந்த பிளாஸ்டிக் குடம் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. அதுவும் எப்போதும் ஒரே பக்கத்தில். குடம் வீட்டு வேலை, டம்பெல் ஆசை. ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறதாம். வடலிவிளையில் கல் தூக்கும் பெண்களிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கலாம். குடத்தைப் போலவே யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு சுமை புத்தகப் பை. அதன் எடை மாணவரின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பை கொள்கை கூறுகிறது. வளர்தட்டுக்காக உருகும் பெற்றோர் எத்தனை பேர் அந்தப் பையைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள்? கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளும் பி.டி. பீரியடும், கோடை விடுமுறையை விழுங்கும் நீட் வகுப்பும் பிள்ளைகளின் உடம்புக்குச் செய்வதை எந்த இரும்பாலும் செய்ய முடியாது. பகல் முழுக்க வேகப்பந்து வீசும் பையனுக்கு முதுகெலும்பில் அழுத்த முறிவு வரக்கூடும் என்பது நிரூபணமானது. இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் அதற்காகவே வயதுவாரியாக ஓவர் வரம்பு வைத்திருக்கிறது. இங்கே மைதானத்தில் முப்பதாவது ஓவரை வீசுகிறவனைப் பார்த்து, வருங்கால நடராஜன் என்று மகிழ்கிறார்கள்.

கோடை முகாமுக்கு விதிகள் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தேவையான விதிகள் வேறு. முதலாவது வெயில் பற்றியது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடை முகாம்கள் காலையிலும் மாலையிலும் நடக்கின்றன, அது சரி. தனியார் முகாம்கள் பலவற்றில் அக்னி நட்சத்திரத்தின் பத்து மணி வெயிலும் பயிற்சி நேரம்தான். போதாக்குறைக்கு, நடுவில் தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்ற உபதேசமும் உண்டு. அமெரிக்கக் கால்பந்து வீரர் கோரி ஸ்டிரிங்கர் 2001 ஆகஸ்டில் பயிற்சி முகாமின் வெப்பத்தாக்கால் இறந்தபோது அவருக்கு வயது 27. வளர்ந்து முடித்த, மலைபோன்ற ஆள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பள்ளிகளில் 2012இலிருந்து வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் கருவிப்படிதான் பயிற்சி. அதில் 92 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வெளியில் பயிற்சியே கிடையாது. வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். இங்கே பல முகாம்கள் மொத்தமே அவ்வளவுதான். உடல் பழகி முடிக்கும் நாளில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே முதல் வாரம் நேரத்தையும் கடுமையையும் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். மயங்கி விழுந்து உடல் கொதிக்கும் பிள்ளையை முதலில் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்குப் பிறகு. அதற்குரிய தொட்டி மைதானத்திலேயே இருக்க வேண்டும்.

எடைக்கான விதிகள் இதைவிட எளியவை. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஒரு பயிற்சிக்கு ஒன்று முதல் மூன்று சுற்று, சுற்றுக்கு 6 முதல் 15 முறை. முதலில் வெறும் கம்பி அல்லது ஒரு கம்பு. முறை சரியானதும் எடையை ஒரு தடவைக்கு 5 முதல் 10 சதவீதம் மட்டும் கூட்டலாம். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு எடைப் பயிற்சிக் காயங்களோடு வந்த 8 முதல் 13 வயதுப் பிள்ளைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அடி கையிலோ காலிலோதான்: எடை விழுந்திருக்கும், இல்லையென்றால் விரல் நசுங்கியிருக்கும். அதற்கு மருந்து தடை அல்ல, பக்கத்தில் நிற்கும் ஆள். பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே நிற்காத இடத்தில் எந்த எடையும் கூடாது; வாட்ஸப் பார்த்துக்கொண்டு நிற்பவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். முகாமின் நிறைவு நாளில் பெற்றோர் முன்னால் யார் அதிகம் தூக்குவது என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கும் பழக்கத்துக்கும் தடை வேண்டும். அந்த ஆசை உள்ளவர்கள் தை வரை காத்திருந்து வடலிவிளைக்குப் போகலாம்.